இடப்பக்கமாகவே வருகிறாள்

ஜனவரி 3, சனி

ரெஜினா கையை விரித்துவிட்டாள். மகளுக்குப் பிரசவத் தேதி முன்னால் வந்துவிட்டதாம், புதன்கிழமையே மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறாளாம். "ஸாரிடி இந்திராணி, அடுத்த வருஷம் ஓடலாம்" என்கிறாள். அடுத்த வருஷமாம். அடுத்த வருஷம் யார் எப்படி இருப்போமோ.

ஏற்காட்டு இரட்டையர் ஓட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. பெயர்தான் ஓட்டம், உண்மையில் இரண்டு நாள் காட்டில் தேடி அலைவது. கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். காபித் தோட்டத்திலும் பாறை இடுக்கிலும் கட்டி வைத்திருக்கும் ஆரஞ்சுக் கொடிகளை வரிசையாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கொடியிலும் ஒரு பஞ்ச் தொங்கும், அதில் நம் அட்டையைத் துளைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கொடியையும் முடித்து ஞாயிறு மாலை நாலு மணிக்குள் வந்தால்தான் பதக்கம். இரண்டு பேர் ஓர் அணி. கொடியருகே இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒருத்தி எங்கோ உட்கார்ந்துகொள்ள இன்னொருத்தி ஓடிப்போய்த் துளைத்துக்கொண்டு வந்தால் அணியே வெளியே. ஆகவே ஜோடி இல்லாமல் நான் பூஜ்யம்.

சாப்பிடும்போது இவரிடம் புலம்பினேன். "நம்ம கோகிலாவக் கூட்டிட்டுப் போயேன்" என்று சொல்லிவிட்டு இவரே சிரித்தார். கோகிலா இவருடைய தங்கை, முப்பத்தாறு வயது. மாமியார் படுத்த படுக்கையாக இருந்த வருஷமெல்லாம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள், கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் நின்றே போனது. மாமியார் போனபிறகு இப்போதுதான் எதையோ யோசிக்க ஆரம்பித்திருக்கிறாள். ஓசூரில் ஒரு ரோஜாப் பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பிப்ரவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். இவர் விடமாட்டேன் என்கிறார். "கோயம்பேட்டுல இறங்கி வெளிய போற வழி தெரியாம போன் பண்ணி அழுதவ இவ. ஓசூர்ல தனியா வீடெடுத்து இருக்கப் போறாளாம்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கோகிலா கரண்டியை வைத்தாள். "நான் வரேன் அண்ணி" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னதை இப்படிப் பிடித்துக்கொள்வாள் என்று யார் கண்டது.

குளியலறைக் கதவைப் பாதி திறந்து வைத்தது யார்? இடது புருவம் புடைத்துவிட்டது.

ஜனவரி 4, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் பழைய ஏற்காட்டு வரைபடத்தை விரித்து முதல் பாடம். குழல்விளக்கு மங்கலாக இருக்கிறது, மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொல்வது. அதனால் அவளையே படிக்கச் சொன்னேன். கற்றுக்கொள்கிறவள்தானே படிக்க வேண்டும்?

"பழுப்புக் கோடு கோடா இருக்கே, இதென்ன அண்ணி?"

"மேடு. கோடு நெருங்கி இருந்தா செங்குத்து, விலகி இருந்தா சமதரை. நீலம் ஓடை. இந்தக் குட்டிக் கருப்புப் புள்ளி..."

"எந்தப் புள்ளி?"

"அதான், அங்க இருக்கே. பாறை."

அவள் என் விரலையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது வீடு அண்ணி. சின்னச் சதுரமா இருக்கு. பாறை இந்தப் பக்கம்" என்று என் விரலைப் பிடித்து நகர்த்தி வைத்தாள். வரைபடம் அச்சடிக்கிறவனைச் சொல்ல வேண்டும். எறும்பு மாதிரி எழுத்து, எறும்பு மாதிரி படம்.

ஜனவரி 7, புதன்

சாதத்தில் கல். அரிசி பொறுக்கியது யார் என்று கத்தினேன். நான்தான்.

ஜனவரி 11, ஞாயிறு

ஜருகுமலை அடிவாரத்தில் முதல் பயிற்சி. கோகிலா நடக்கிறாள், அதில் குறை சொல்ல முடியாது. மாமியாரைத் தூக்கித் தூக்கித் தோள் உரம் ஏறியிருக்கிறது. ஆனால் திசை? கடவுளே. காம்பஸின் சிவப்பு முனை வடக்கு என்று எத்தனை முறை சொன்னேன். வெள்ளை முனையை வடக்காக வைத்துக்கொண்டு நேர் எதிராக, யாரோ ஒருவருடைய கொய்யாத் தோப்புக்குள் கம்பீரமாக நடந்து போய்விட்டாள். தோப்புக்காரரின் நாய் துரத்தி இருவரும் ஓடினோம். நான் திட்டினேன், அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"சிரிக்காத. காட்டுல இப்படிப் போனா காட்டெருமைக்கு நேரா போய் நிப்ப."

"அப்பவும் ஓடிக்கலாம் அண்ணி."

இன்னொரு எரிச்சல். என்னோடு நடக்கும்போது எப்போதும் என் இடப்பக்கமாகவே வருகிறாள். பாதை குறுகினாலும், முள் இருந்தாலும், அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் வா என்று ஒருமுறை இழுத்து விட்டேன். கொஞ்ச தூரம் போனதும் பார்த்தால் மறுபடி இடப்பக்கம் நிற்கிறாள். போதாததற்கு "அண்ணி, வேர்", "அண்ணி, பள்ளம்" என்று ஓயாத அறிவிப்பு. ரயில்வே ஸ்டேஷனா இது? இருபது வருஷம் காட்டில் ஓடியவள் நான், எனக்கு வேர் தெரியாதா?

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வெண்பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்தது, சர்க்கரைப் பொங்கல் பரவாயில்லை. வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைக்கக் குனிந்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. கோகிலா வாங்கிக்கொண்டு போட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் வாக்குவாதம். கோகிலா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை, இன்று போட்டாள். "அம்மாவுக்கு ராத்திரி பகலா ஊசி போட்டனே, அப்பல்லாம் எனக்கு விவரம் இருந்துச்சா? வேலைக்குப் போறன்னா மட்டும் விவரம் இல்லாம போச்சா?" இவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு சொன்னார்: "சரி. ரெண்டு நாள் அந்தக் காட்டுல சுத்திட்டு மெடலோட வா. நானே வந்து ஓசூர்ல வீடு பாத்துத் தரேன். மெடல் இல்லன்னா அந்தப் பேச்ச விட்டுடணும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இவர் வாக்கு மாறமாட்டார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோகிலாவின் பிழைப்பு என் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டதே. நான் தோற்றால் என் தோல்வி, அழுதுவிட்டுப் போகலாம். இப்போது இவளும் அல்லவா தோற்பாள்.

இவள் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். எனக்கென்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. காலையில் பேப்பர் படித்துக் காட்டுவாள், அது நிற்கும். மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பாள். ஊசியில் நூல் கோத்துத் தருவாள். இதெல்லாம் ஒரு வேலையா.

ஜனவரி 19, திங்கள்

பள்ளியில் த்ரோபால் பயிற்சி. பந்து இடப்பக்கமிருந்து வந்து என் காதில் விழுந்தது. எட்டாம் வகுப்புப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "பி.டி. மிஸ்ஸுக்கே பந்து தெரியல" என்று ஒருத்தி கிசுகிசுத்தது நன்றாகக் கேட்டது. மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டேன்.

அப்பாவுக்கு என் வயதில்தான் ஆரம்பித்தது. முதலில் ஓரம் போயிற்று, பிறகு நடுவும் போயிற்று. கடைசியில் வாசலில் யார் வந்தாலும் குரலை வைத்துத்தான் தெரியும் அவருக்கு. ஆனால் அவர் வேறு, நான் வேறு. அவர் சுருட்டுப் பிடித்தார்.

ஜனவரி 21, புதன்

பழைய பஸ் ஸ்டாண்டில் நடைபாதைக் கடையில் ஒரு படிக்கும் கண்ணாடி வாங்கினேன். காட்டில் காலை வெளிச்சம் சரியாக இருக்காது, வரைபடம் பார்க்க மட்டும். கண்ணாடிக் கடைக்குப் போனால் அங்கே பார், இங்கே பார் என்று படுத்துவார்கள், டாக்டரிடம் போ என்பார்கள். நடைபாதைக்காரன் கேள்வியே கேட்கவில்லை.

"இந்த மாடல் எடுத்துக்கக்கா. கழுத்துலயே மாலை மாதிரி கெடக்கும், எங்கயும் மறந்து வெச்சிட மாட்டீங்க. வேணுங்கிறப்ப முன்னாடி டக்குனு ஒட்டிக்கும், வேணாம்னா டக்குனு பிரிஞ்சுக்கும்."

மூக்குக்கு மேலே இரண்டு பாதியும் தானே ஒட்டிக்கொள்கிறது. நல்ல வேலைப்பாடு. டீ-ஷர்ட்டுக்குள் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இவருக்கும் கோகிலாவுக்கும் சொல்லவில்லை. ஒரு கண்ணாடிக்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா என்ன.

ஜனவரி 23, வெள்ளி

ஏற்காடு. குளிர் எலும்பில் இறங்குகிறது. கூடாரம் போட்டாயிற்று. போட்டி நடத்தும் அல்போன்சா மேடம் விதிகளைப் படித்தார்கள். எல்லார் போனையும் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். "போன், வாட்ச், இரும்பு, காந்தம் எதுவும் காம்பஸ் பக்கத்துல வரக்கூடாது. போன வருஷம் ஒரு அணி காந்தப் பட்டன் வெச்ச கைப்பைய மாட்டிக்கிட்டு பக்கத்து மலைக்கே போயிட்டாங்க" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

திரும்பிப் பார்த்தால் கோகிலாவின் கழுத்துச் சங்கிலியில் கொத்தாகப் பின்னூசிகள்! ஏழோ எட்டோ. நம் வீட்டுப் பெண்களின் புத்தி எங்கே போகும்.

"அவசரத்துக்கு ஆகும் அண்ணி."

"எந்த அவசரத்துக்கு? காட்டெருமைக்கு முந்தானை குத்தி விடப் போறியா?"

அவிழ்த்துப் பையின் அடியில் போடச் சொன்னேன். அவள் காம்பஸும் பையிலேயே இருக்கட்டும் என்றேன். இரண்டு பேர் இரண்டு திசை சொன்னால் குழப்பம். வரைபடம் என் கையில், காம்பஸ் என் கையில். அவள் வந்தால் போதும், என் கூட நின்றால் போதும்.

ஜனவரி 24, சனி

இருட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

கடைசி அணி நாங்கள். இன்றைக்கு முடிக்க வேண்டிய கொடிகளை முடித்துவிட்டோம், அதுவரை சரி. ஆனால் எப்படி முடித்தோம்! ஒவ்வொரு கொடிக்கும் நேராகப் போய்ச் சேர வேண்டியவள் வலப்பக்கமாக விலகி விலகிப் போகிறேன். ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டிய கொடி அந்தப் பக்கம் இருக்கிறது. சில்வர் ஓக் வரிசை வரவேண்டிய இடத்தில் பலாமரம் நிற்கிறது. என் வாழ்க்கையில் இப்படி ஆனதில்லை. மலையில் இரும்புத் தாது இருக்கிறதோ என்னவோ.

வரைபடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியிருந்ததால் அவ்வப்போது புதருக்குப் பின்னால் ஒதுங்கினேன். பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, கண்ணாடியை டீ-ஷர்ட்டுக்குள் தள்ளிவிட்டு வருவேன். நாலாவது தடவை கோகிலா கேட்டாள்: "அண்ணி, தண்ணி அதிகமாக் குடிச்சிட்டீங்களா? வரைபடத்த எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?"

"ஈரம் படாம இருக்க."

அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்கு ஆகவில்லை.

மத்தியானம் மூன்றாம் முறை வழி தவறியதும் பொறுமை போய்விட்டது. "அந்தப் பின்னூசியெல்லாம் பைக்குள்ளதான இருக்கு? பையக் கழட்டித் தள்ளி நட!" என்றேன். பையை என்னிடமிருந்து எட்டித் தூக்கிக்கொண்டு நடந்தாள். அப்படியும் முள் கோணலாகத்தான் நின்றது. அடுத்த ஓடையில் பின்னூசிகளை மொத்தமாக எடுத்து ஒரு புற்று ஓரம் போட்டுவிட்டாள். "இப்பவாவது சரியா வருதா பாருங்க" என்றாள், கோபமில்லாமல். வரவில்லை.

நாளைக்கு நேரம் இவ்வளவு வீணாக்கினால் நாலு மணிக்குள் முடிக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கஞ்சி குடிக்கும்போது ஓசூரைப் பற்றி அவள் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை. பயமாக இருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

நேற்று எழுதவில்லை. இன்று விடுமுறை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலையிலேயே மூடுபனி. முதல் இரண்டு கொடி எப்படியோ கிடைத்தது. மூன்றாவதுக்குக் காபித் தோட்டத்துக்குள் புகுந்தோம். காபிச் செடிக்குள் நின்றால் நாலாபுறமும் ஒரே மாதிரி, மேலே மிளகுக்கொடி சுற்றிய மரங்கள், அதற்கு மேலே வெள்ளையாகப் பனி. முள் காட்டிய திசையில் நடந்தேன், நடந்தேன், வேலி வந்தது. வேலி வரவே கூடாது. திரும்பி வேறு பக்கம் நடந்தேன், மறுபடி அதே வேலி. மற்ற அணிகளின் குரல் எங்கேயும் கேட்கவில்லை.

அப்போதுதான் பனிக்குள் ஏதோ கருப்பாக நகர்ந்தது. காட்டெருமை. நான் அதைப் பார்க்கவே இல்லை. கோகிலாதான் என் இடது தோளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து மரத்துக்குப் பின்னால் நிறுத்தினாள். இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், மூச்சு விடுவது கேட்கிறது. அது எங்களைப் பார்த்தது, வாலை ஆட்டியது, இறங்கிப் போய்விட்டது.

பயம் போனதும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். "உன்னக் கூட்டிட்டு வந்ததே தப்பு. உங்கண்ணன் சொன்னது சரி. வடக்கு தெற்கு தெரியாதவளுக்கு ஓசூர் ஒரு கேடா? வா, திரும்பிப் போலாம். முடிஞ்சது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். பையைத் திறந்து அவளுடைய காம்பஸை எடுத்தாள்.

"உங்க முள்ளு அங்க காட்டுது. என் முள்ளு இங்க காட்டுது."

"உன்னுது கெட்டுப் போயிருக்கும்."

"அப்ப ரெண்டையும் கீழ வைங்க அண்ணி."

அங்கே தட்டையான ஒரு பாறை இருந்தது. இரண்டையும் அதன்மேல் வைத்து விலகி நின்றோம். "ரெண்டும் இப்ப ஒரே பக்கம் காட்டுது" என்றாள். எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்து முள் தெரியவில்லை. பார்க்கலாம் என்று குனிந்தேன்.

இரண்டு முள்ளும் ஆடித் திரும்பி என் நெஞ்சைக் காட்டின.

நிமிர்ந்தேன், விலகின. குனிந்தேன், திரும்பின. எவ்வளவு நேரம் முட்டாள் மாதிரி குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தேனோ தெரியாது. கோகிலா பக்கத்தில் வந்து, என் டீ-ஷர்ட்டின் கழுத்தில் விரலை விட்டு, அந்தக் கண்ணாடியை வெளியே எடுத்தாள். நடுவில் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைப் பிரித்தாள், விட்டாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"காந்தம்" என்றாள்.

இருபது வருஷமாகக் காம்பஸ் பிடிக்கிறவள் நான். ஒரு பெண்ணின் பின்னூசியைப் புற்றில் போடவைத்தவள் நான். நெஞ்சில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு நாளாகக் காட்டைச் சுற்றியிருக்கிறேன். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

"சின்ன எழுத்துதான் தெரியல. எல்லாருக்கும் வர்ற வெள்ளெழுத்துதான்" என்றேன்.

"வெள்ளெழுத்து மட்டும்தானா அண்ணி? இப்ப அந்த மாடு உங்களுக்கு ஏன் தெரியல?"

நான் குனிந்து என் காம்பஸை எடுத்துத் துடைத்தேன்.

"போன தீபாவளிக்கு மாடிப்படியில இடப்பக்கமா விழுந்தீங்க. அப்பலேர்ந்து பாக்கறேன். இடப்பக்கம் கதவுல இடிக்கறீங்க, ஸ்டூல்ல இடிக்கறீங்க, அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டா தூக்கிவாரிப் போடுது. அதான் நான் அந்தப் பக்கமே நடக்கறேன்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க."

கத்துவேன்தான்.

கிளம்பலாம், நேரம் ஆகிறது என்றேன். அவள் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். நன்றாகச் சம்மணம் போட்டு.

"புதன்கிழமைக்குள்ள கண் டாக்டர்கிட்ட வரேன்னு சொல்லுங்க. அப்பதான் எந்திரிப்பேன்."

"கிறுக்கா உனக்கு? நாலு மணிக்குள்ள போகலன்னா ஓசூர் போச்சுடி!"

"போகட்டும்."

"எதுக்காக இவ்வளவு பாடுபட்டு வந்த?"

"ஓசூருக்காகத்தான். ஆனா உங்கள இப்படி விட்டுட்டு அங்க போய் நான் எப்படி நிம்மதியா இருப்பேன்? ஒவ்வொரு தடவையும் வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு, ராத்திரி படுத்தா மாடிப்படிதான் ஞாபகம் வருது. நீங்க கொடிக்கிட்ட தனியா போக முடியாது அண்ணி, சட்டம் அப்படித்தான். நான் வந்தாதான் உங்களுக்குத் துளை."

நான் சொல்லிக்கொடுத்த சட்டத்தை எனக்கே திருப்பிப் போடுகிறாள். அவளை அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. அப்பாவைப் பற்றி அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் அது எனக்கு வந்துவிட்டதாக ஆகிவிடுமே, அதனால்தான் போகவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது, அழுதேன். காபித் தோட்டத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்.

"வரேன்" என்றேன்.

"அம்மா மேல சத்தியமா?"

"உங்கம்மா மேல சத்தியமா. எந்திரி, சனியனே."

அப்புறம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். கண்ணாடி அவள் பையின் அடியில், துண்டில் சுற்றி. வரைபடமும் காம்பஸும் அவள் கையில். கிட்டத்தில் இருப்பதை அவள் படித்தாள், தூரத்தில் இருப்பதை நான் பார்த்தேன். என் கண்ணுக்குத் தூரமும் நேரும் இன்னும் குறையில்லை.

"ஓடை வலப்பக்கம் வளையுது அண்ணி. அதத் தாண்டினா மூணு கோடு நெருங்கி இருக்கு."

"அப்ப செங்குத்து. ஏறாத. ஓரமா சுத்திப் போகணும், அந்தப் பக்கம் மொட்டைப் பாறை தெரியுது பாரு."

"மொட்டைப் பாறைக்குக் கீழதான் கொடி போட்டிருக்கு."

இருந்தது. அடுத்ததும் இருந்தது. வெள்ளை முனையை வடக்கு என்று நடந்தவளா இவள் என்று இருந்தது. ஓரிடத்தில் தப்பாகச் சொன்னாள், ஒரு மேட்டுக்குப் பதில் பக்கத்து மேட்டில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினோம். திட்டினேன். அவளும் திரும்பத் திட்டினாள். கடைசி இறக்கத்தில் ஓடினோம், அவள் இடப்பக்கம், "வேர்", "பள்ளம்", "கல்" என்று கத்திக்கொண்டே. ஒரு வார்த்தையையும் நான் விடவில்லை.

மைதானத்தில் கயிறு சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். அல்போன்சா மேடம் கடிகாரத்தைப் பார்த்து, எங்களைப் பார்த்து, "ஓடுங்க, ஓடுங்க!" என்று கை தட்டினார்கள். மூச்சு நின்றுவிடும்போல் போய் விழுந்தோம். அட்டைகளைச் சரிபார்த்தார்கள். எல்லாத் துளையும் இருந்தது. கடைசி இடம். ஆனால் பதக்கம்.

இவர் சேலத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தங்கையின் கழுத்தில் பதக்கத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. அண்ணன் அல்லவா, போகவும் விட மனசில்லை.

"சபாஷ். ஆனா உங்க அண்ணி பின்னாடியே நடந்து வந்துட்ட, அவ்வளவுதான? அது வழி கண்டுபிடிச்சதா ஆகுமா? தனியா போறது வேற கோகிலா."

கோகிலா என்னைப் பார்த்தாள். தானாகச் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் தலையை ஆட்டிவிட்டு நின்றிருந்தால் போதும், இவள் ஓசூர் போகமாட்டாள். காலையில் பேப்பர் படிப்பாள், நூல் கோப்பாள், என் இடப்பக்கம் நடப்பாள், டாக்டரிடமும் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். இதை நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். யோசித்தேன்.

"எனக்கு வரைபடம் தெரியலைங்க" என்றேன். அல்போன்சா மேடம் பக்கத்தில் நின்றார்கள், ரெண்டு மூணு அணிக்காரர்களும் நின்றார்கள், கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். "கிட்டத்துல எழுத்து தெரியல. இடது கண்ணுல ஓரம் தெரியல, ரொம்ப நாளா. எங்கப்பாவுக்கு வந்ததுதான்னு நினைக்கிறேன். நான் வழி தப்பவிட்டேன், இவதான் கொண்டாந்து சேத்தா. நான்தான் இவ பின்னாடி வந்தேன்."

இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "எப்பலேர்ந்து?" என்று கேட்டார். பிறகு கோகிலாவைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றார். அவள் தலையாட்டினாள். "எனக்கு மட்டும் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு என் பையை வாங்கிக்கொண்டார்.

கொண்டை ஊசி வளைவுகளில் மலையிறங்கினோம். அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினார். டீயை ஆற்றிக்கொண்டே, "வீடு ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்துலயே பாக்கணும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, டம்ளரிடம் சொன்ன மாதிரி இருந்தது.

ஜனவரி 28, புதன்

கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு விட்டுக் காத்திருக்க வைத்தார்கள். கோகிலா ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ஒரு எந்திரத்தில் மோவாயை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது கண்ணுக்கு ரொம்ப நேரம் நான் அழுத்தவே இல்லை. புள்ளி வரவில்லை என்று நினைத்தேன், வந்துகொண்டேதான் இருந்ததாம்.

டாக்டரம்மா சின்னப் பெண். கண் அழுத்தம் என்றார். அப்பாவுடையதுதான். "போன ஓரம் திரும்பி வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து, ஒருநாள் விடக்கூடாது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா என்னால இப்படிச் சொல்ல முடிஞ்சிருக்காது."

அப்பா காலத்தில் இப்படிச் சொல்ல ஆளில்லை. அல்லது இருந்து, அவரும் போகாமல் இருந்தாரோ.

ஜனவரி 30, வெள்ளி

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. போட்டுக்கொண்டு இந்த டைரியின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். கண்றாவி. கோட்டிலேயே நிற்கவில்லை. பாதி இடத்தில் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அந்த நடைபாதைக் கண்ணாடியை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். நன்றாக நிற்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

கோகிலாவை ஓசூருக்கு பஸ் ஏற்றிவிட்டோம். இவரும் கூடப் போகிறேன் என்றார், வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தது போதும், நாளைக்கு வேலையில் சேர அவளே போகட்டும் என்று நான் தடுத்துவிட்டேன். பையில் ஒரு பாக்கெட் பின்னூசி வைத்தேன். பார்த்துச் சிரித்தாள்.

"மருந்து போட்டீங்களான்னு தினமும் போன் பண்ணுவேன்."

"பண்ணு. அப்பவும் கத்துவேன்."

"கத்துங்க."

பஸ் நகரும்வரை ஜன்னலில் இருந்தாள். அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. திரும்பி நடக்கும்போது இடப்பக்கம் யாரோ ஒருவருடைய சூட்கேசில் இடித்துக்கொண்டேன். அவர்தான் முறைத்தார். மன்னிப்புக் கேட்டேன், இதுவும் எனக்குப் புதுசு.

பிப்ரவரி 4, புதன்

ஒரு வாரமாகத் தவறாமல் மருந்து. கண்ணில் எரிச்சல். ரெஜினாவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான், எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன், முதலில் திட்டினாள், அப்புறம் அழுதாள்.

கோகிலா போன் செய்தாள். முதல் நாள் ஆபீஸ் வாசலைக் கண்டுபிடிக்க இரண்டு சுற்று சுற்றினாளாம், யாரிடமும் கேட்கவில்லையாம், அதில் பெருமை வேறு.

சாயங்காலம் மாவு வாங்கக் கடைக்கு இறங்கினோம், நானும் இவரும். வழக்கம்போல வலப்பக்கம் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். பைக்குகள் உரசிக்கொண்டு போகின்றன. தெருமுனையில் நின்றுவிட்டேன்.

"என்ன?"

"இந்தப் பக்கம் வாங்க."

"ஏன்?"

"அந்தப் பக்கம் எனக்கே தெரியும். இந்தப் பக்கத்துக்குத்தான் ஆள் வேணும்."

என்னைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றி இடப்பக்கம் வந்தார். கொஞ்ச தூரம் போனதும், தயங்கித் தயங்கி, "பள்ளம்" என்றார்.